தலைவர் கையெழுத்திட்ட பேனா

“நாட்டை உருவாக்கிய தலைவர் சாசனத்தில் கையெழுத்துப் போட்ட பேனா இதுதான்” என்று சொல்லிச் சொல்லியே அருங்காட்சியகக் காப்பாளருக்குத் தலை நரைத்துவிட்டது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், எதிர்த் தெரு அருங்காட்சியகமும் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு அதையேதான் சொன்னது.

இந்த வருடம் அரசாங்கம் கறாராகச் சொல்லிவிட்டது. எந்தப் பேனா போலியோ, அதை வைத்திருக்கும் இடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

“அவங்க பேனாவுல நீல மை சார். தலைவர் கறுப்பு மையைத் தவிர எதையும் தொட மாட்டார்!” என்றார் காப்பாளர்.

“பக்கத்துல நின்னு பார்த்தீராக்கும்?” என்று எகிறினார் எதிர்த் தெருக்காரர்.

“ஏன் சண்டை? சாசனத்தையே பார்த்துடலாம்” என்றார் விசாரிக்க வந்த அரசு அதிகாரி.

ஐம்பது வருடமாகத் திறக்காத பெட்டகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தை விரித்தார். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

தலைவரின் பெயருக்கு மேலே, கொழுகொழுவென்று ஒரு கட்டைவிரல் ரேகை.

“தலைவர் கைநாட்டா?” என்றார் அதிகாரி. எதிர்த் தெருக்காரர் வயிற்றைக் கலக்குகிறது என்று நழுவினார். “சரி, நாளைக்கு வர்றேன். அசல் பொருள் யார்கிட்ட இருக்கோ, அவங்க பிழைச்சாங்க” என்று அதிகாரியும் கிளம்பினார்.

காப்பாளர் ஓட்டமும் நடையுமாக எழுதுபொருள் கடைக்குப் போனார்.

“அண்ணே, பழைய ஸ்டாம்ப் பேடு இருக்கா? துருப்பிடிச்சிருந்தா ரொம்ப நல்லது.”

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“இருந்த ஒண்ணையும் இப்பத்தான் எதிர்த் தெருக்காரர் வாங்கிட்டுப் போனார்!”