மூன்று வோல்ட்டும் கொஞ்சமும்

புதிதாய்ச் சேர்ந்தவளின் கணக்கை அடித்துவிட்டார்கள். அதுவும் காரணம் சொல்லாமல், சர்க்யூட் வரைபடத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்து.

போர்டுக்கு மின்சாரத்தை அளந்து விடும் ரெகுலேட்டர் எத்தனை வோல்ட் தர வேண்டும் என்பதை இரண்டு ரெசிஸ்டர்கள்தான் தீர்மானிக்கும். அவள் தேர்ந்தெடுத்த ஜோடி, நூல் பிசகாமல் மூன்று வோல்ட் தரும். டிசைன் பிரிவுத் தலைவி மாற்றிப் போட்ட ஜோடியில் மூன்றுக்கு மேல் கொஞ்சம் வழியும்.

"ஏன்க்கா மாத்தினீங்க?"

"கொஞ்சம் கூடினா போர்டு கோவிச்சுக்காது. விடும்மா."

"சரியா வர்றதை விட்டுட்டு சுமாரா வர்றதை எதுக்குப் போடணும்? காரணம் சொல்லுங்க, வாயை மூடிக்கிறேன்."

"நீ வாயை மூடினா, என் காதுதான் போயிடுச்சோன்னு பயந்துடுவேன்." சிரிப்பு வந்ததே தவிர, காரணம் வரவில்லை.

விடுவாளா? நேராக முதலாளி அறைக்கே போனாள். அக்காவையும் அழைத்தார்கள்.

"எது சரி?" என்றார் முதலாளி.

"அவ கணக்கு சரிதான் சார்."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

அக்கா தரையைப் பார்த்தார். "பழக்க தோஷம் சார்."

"பழக்கத்துக்கா சம்பளம் தர்றேன்? இனிமே இந்தப் பொண்ணு போடுற மதிப்புதான்."

ஜெயித்த கையோடு, இரண்டு வகை ரெசிஸ்டரையும் எடுத்துக்கொண்டு சால்டரிங் மேசைக்குப் போனாள். பற்றவைக்கும் அண்ணன் அவற்றை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எதும்மா எது?"

"மதிப்பைச் சொல்ற கலர் கோட்டைப் பாருங்கண்ணே. இது சிவப்பு, பழுப்பு. அது பழுப்பு, பச்சை."

அவர் குரலைத் தணித்தார். "எனக்கு அந்த மூணும் ஒரே நிறம்மா. அதான் உங்க அக்கா, நீலமும் மஞ்சளும் வர்ற மாதிரியே மதிப்பு தேடிப் போட்டுக் குடுக்கும். முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சுடும்."

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" வாசலில் முதலாளி. அவர் பின்னால், முகம் வெளிறிப்போய் அக்கா.

அவள் ரெசிஸ்டர்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என் கணக்கு தப்பு சார். அக்கா போட்டதே இருக்கட்டும்."

"அவங்களே உன்னுது சரின்னு சொன்னாங்களே?"

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க சார். தப்பு என்னுதுதான். யார்கிட்ட வேணா வாதாடுறேன்."