சீக்குக் குஞ்சுக்கு இரும்புத் தண்ணி

கிட்ட வந்து உக்காருங்க சாமி, மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மஞ்சள் பல்புக்கு அடியில் குஞ்சுகள் சிறகு தொங்க, ஒன்றின்மேல் ஒன்று ஒண்டிக் கிடக்கின்றன. கிணறு வற்றி வெள்ளாமை நின்றுபோன காட்டில் வசந்தாமணிக்கும் அவள் புருஷன் சென்னியப்பனுக்கும் இனி இவைதான் பிழைப்பு. சீக்குக் குஞ்சுகளுக்குத் தெம்பு ஏறட்டும் என்று, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை அவள் குடிதண்ணீரில் முக்குகிறாள். சுர்ரென்று ஆவி எழும்புகிறது. உள்ளே நுழைந்த கால்நடை டாக்டர் தண்ணீரைப் பதறிக் கவிழ்க்கிறார். "யாருக்கு அம்மணி விருந்து வைக்கறீங்க? இரும்பைப் பிடிச்சு உள்ளே இழுத்துப் பெருகறதுக்குன்னே கிருமி மேல வாசல் வாசலா இருக்குது. அதுக்குச் சிக்கக்கூடாதுன்னு குஞ்சு உடம்பே இரும்பை ஒளிச்சு வெக்குது. நீங்க கொண்டுபோய்க் கிருமிக்கு ஊட்டறீங்க!" "காச்சல்ல எனக்கும் இதைத்தானுங்க குடுத்தா," என்கிறான் சென்னியப்பன். "காலையிலயும் குடுத்துட்டனுங்களே," என்கிறாள் வசந்தாமணி. டாக்டர் மருந்து கலந்த தண்ணீரைத் தருகிறார். உள்ளங்கையில் கழுத்துத் துவண்ட ஒரு குஞ்சை ஏந்தி, அலகில் ஒரு சொட்டு விடுகிறாள். மூன்று பேரும் அதன் தொண்டையையே பார்க்கிறார்கள். அது இன்னும் அசையவில்லை. உங்க ஊட்டுல வளர்ற உசுரு ஒண்ணும் இப்படித் துவளாம, ஊட்டினதெல்லாம் உடம்புல சேர்ந்து, நல்லா இருக்கோணும் சாமி.