காலியாக வேண்டிய சங்கு

சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் வீடு கட்டுவதில்லை. பெரியது புதுச் சங்குக்கு மாறினால், அதன் பழைய சங்கு அடுத்ததற்கு. அதுதான் கரை வழக்கம்.

"விடிஞ்சதும் நான் மாறிடுவேன். என் வீடு உனக்குத்தான் மாப்பிள்ளை," என்றது பெரிய நண்டு.

அதை நம்பிய சின்ன நண்டு, விடிந்ததும் தன் சங்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வெற்று முதுகோடு வந்து நின்றது. மேலே ஒரு கடற்காகம் வட்டமிட்டது.

பெரிய நண்டு புதுச் சங்குக்குள் எட்டிப் பார்த்தது. "தொளதொளன்னு இருக்கு. நான் போகலை."

"சொன்னீங்களே, மாமா!"

"சொன்னேன், சத்தியம் பண்ணினேனா? என் வார்த்தை, திரும்ப எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்கோங்க. அப்படியே என் சங்கையும் திரும்ப வாங்கிக் குடுத்துடுங்க."

பெரிய நண்டு திரும்பிப் பார்த்தது. சின்ன நண்டின் சங்குக்குள் தம்பி ஒடுங்கியிருந்தது. தம்பியின் சங்கில் அதற்குள் வேறொரு குட்டி குடியேறியிருந்தது. கடற்காகத்தின் நிழல் சின்ன நண்டின் முதுகில் விழுந்தது.

முணுமுணுத்துக்கொண்டே பெரிய நண்டு புதுச் சங்குக்குள் நுழைந்தது. சின்ன நண்டு காலியான வீட்டுக்குள் பாய்ந்து, மூச்சு வாங்கி, கண்களை மட்டும் வெளியே நீட்டியது.

"மாமா, வீடு எப்படி?"

"தொளதொளன்னுதான் இருக்கு."

"அதனால என்ன மாமா, நீங்க இன்னும் வளருவீங்க."