ஆயுத பூஜை பொரி 3

கம்ப்யூட்டரில் அந்தப் பச்சைக் கோடு நகர ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகிறது.

கவரைப்பேட்டையில் ரயில் ஏறியவன் இந்நேரம் சென்ட்ரலில் இறங்கி, நாஷ்டா முடித்து, பல் குத்திக்கொண்டிருப்பான். கோடு இன்னும் பாதியைத் தாண்டவில்லை.

தேடும் கட்டத்தில் "ஏழுமலை" என்றுதான் அடித்தேன். ஏழுமலையான் தரிசன டிக்கெட், ஏழே நாளில் தொப்பை குறைய வழி, ஏழு பேருக்குப் பிரியாணி என்று நெட்டில் கிடக்கும் ஊர்க்குப்பையை எல்லாம் வாரிக்கொண்டு வந்து கொட்டியது.

தூ!

போன மாதம் சிஸ்டம் தானாகவே அப்கிரேடு ஆனது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய சிஸ்டம் ராஜா. இது ராஜாவைக் கொன்றுவிட்டு சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்த பெருச்சாளி. கேன்டீன் தொட்டியில் ஆறு மாதம் அடைத்துக் கிடந்த சோறுகூட இப்படி நாறாது.

"இன்னா நைனா, இந்த சனியன் இன்னும் தேடிக்கினே கீதா?"

பக்கத்து நாற்காலியில் அஞ்சம்மாள். ஏழுமலையின் மனைவி.

கும்மிடிப்பூண்டியில் நான் புரொடக்ஷன் ஆபீஸராக இருந்த தொழிற்சாலையில் ஏழுமலை பிரஸ் மெஷின் ஓட்டினான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மெஷின் அவன் வலது கையைக் கடித்துத் துப்பிவிட்டது.

மெஷினில் கோளாறு என்று அவன் யாரிடமும் சொல்லவே இல்லை, கவனக்குறைவு அவனுடையதுதான் என்று வேலையை விட்டு நீக்கியது கம்பெனி. விபத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே லெட்டர் எழுதிக் கொடுத்தேன் என்கிறான் ஏழுமலை.

திங்கட்கிழமை லேபர் கோர்ட்டில் கடைசி வாய்தா. லெட்டர் கிடைத்தால் வேலை திரும்பக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அவன் பொய்யன்.

தப்பு என் வாயில்தான். ரிட்டயர் ஆனபோது கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அது போதாதென்று ஆபீஸ் ஃபைல் அத்தனையையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் அள்ளிக்கொண்டு வந்தவன் நான். முப்பத்தொரு வருஷத் தொழிற்சாலை என் வீட்டு மேஜையில் இருக்கிறது என்று டீக்கடையில் ஒரு லட்சம் தடவை பீற்றியிருப்பேன். அது அஞ்சம்மாள் காது வரை போய்விட்டது.

பதினோரு நாளாக வருகிறாள். பதினோரு நாளாக நான் அப்கிரேடைத் திட்டுகிறேன். திட்டத் திட்ட எனக்கே உற்சாகம் பொங்கிவிடும். கைக்குட்டையும் கையுமாக வருகிறவள், ஒன்றிரண்டு தடவை சிரித்துக்கூட இருக்கிறாள்.

இன்று அவள் தனியாக வரவில்லை. தமிழ்செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்குப் பிறகு என் நாற்காலியில் ஒரு வருஷம் உட்கார்ந்து, மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை உதறியவள்.

என் திட்டலைப் பெருச்சாளி வரைக்கும் மரியாதையாகக் கேட்டாள். பிறகு, "சார், கொஞ்சம் நவுருங்க," என்றாள்.

நெட்டிலிருந்து ஒரு சாஃப்ட்வேரை இறக்கினாள். கடுகளவு. இலவசம். ஒரு எழுத்தைத் தட்டியதும் ஷிஃப்ட் சங்கு ஊதிய மாதிரி பத்தாயிரம் ஃபைல் ஓடிவந்து வரிசையில் நின்றது. பச்சைக் கோடும் இல்லை, பிரியாணியும் இல்லை.

அவள் "ஏழுமலை" என்று அடிக்கவில்லை.

"பொரி" என்று அடித்தாள்.

அது எங்கள் ஆபீஸ் பழக்கம். இன்ஸ்பெக்டர் கண்ணில் படக்கூடாத காகிதத்துக்கெல்லாம் "ஆயுத பூஜை பொரி" என்று பெயர் வைத்துத்தான் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போடுவோம். பொரி லிஸ்ட்டை எந்த இன்ஸ்பெக்டர் திறந்து பார்க்கப் போகிறான்? அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த மேதாவியே நான்தான்.

மூன்று ஃபைல் வந்தது. முதல் இரண்டையும் திறந்து மூடினாள். மூன்றாவதில் நின்றாள்.

ஏழுமலையின் கோணல் எழுத்து. வலது கையால் எழுதியது. திரையில் கடிதத்தின் மேல்பாதிதான் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

அஞ்சம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நூறு வருசம் இருக்கணும் நைனா."

தமிழ்செல்வி பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் கனைத்துக்கொண்டு விழித்தது. அந்த இடைவெளியில் அவள் கண், பட்டியலில் ஃபைல் பெயருக்கு நேராக இருந்த தேதிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"சார், நமக்கு முன்னாடி இத்த கடைசியா நேத்து சாயங்காலம் ஆறு பத்துக்குத் தொறந்ததா காட்டுதே?"

"அப்கிரேடு ஆனதிலிருந்து தேதி, நேரம் எல்லாமே கோளாறும்மா," என்றேன்.



நேற்று மட்டுமா? பதினோரு நாளும், அஞ்சம்மாள் கேட்டைச் சாத்திவிட்டுப் போனதும் திறந்திருக்கிறேன். அழிக்கும் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழிக்கவும் முடியவில்லை. கொடுக்கவும் முடியவில்லை.

பிரிண்டர் தாளை அங்குலம் அங்குலமாக வெளியே தள்ள ஆரம்பித்தது. தேதி வந்தது. "ஐயா, கையை எடுக்கும் முன்னாலேயே மெஷின் இறங்கிவிடுகிறது" என்ற வரி வந்தது.

படிக்கத் தெரியாத அஞ்சம்மாள் பிரசாதத்துக்கு நிற்பதுபோல் கையை ஏந்திக்கொண்டு நின்றாள். தமிழ்செல்வி தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் அடியில் இன்னொருவர் எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. "பார்த்தேன். ஆர்டர் முடியும் வரை மெஷினை நிறுத்த வேண்டாம்."

அதற்குக் கீழே என் கையெழுத்து.

தாள் இன்னும் பாதிதான் வந்திருந்தது.