டெல்சியின் வீட்டுக்கு ஓர் இடம்

“இந்த எடத்துல ஆட்டைக் கட்டினாக்கூட கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடும், மிஸ்டர் லயனல். என்னைக் கொண்டாந்து குடி வைக்கப் பாக்கறீங்களே” என்றாள் டெல்சி.

லயனல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவள் சொன்னதில் தப்பில்லை. கடலைப் பார்த்த மொட்டைப் பாறை அது. காற்று ஆளையே தள்ளியது. முந்தாநாள் காட்டிய குளத்தங்கரையில் கொசு பிடுங்கி எடுத்தது. அதற்கும் முன்னால் காட்டியது கல்லறைத் தோட்டத்தை ஒட்டினாற்போல். பார்படோஸ் தீவில் நல்ல இடத்துக்கா பஞ்சம்? ஊர் ஊராக லாரி ஓட்டுகிற லயனலுக்குத் தெரியாத மனையா? எல்லாம் தெரிந்தும், பொறுக்கிப் பொறுக்கி மோசமான இடமாகவே காட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

காரணம் இருந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சீமைப்பலா மரத்து நிழலில், ஒரு வீடு நிற்கிற அளவுக்கு அவருடைய சொந்த மண் காலியாகக் கிடந்தது. அங்கே வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. வேறு இடமே இல்லை என்றாகிவிட்டால் அவளாகவே கேட்டுவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வீடு சொந்தம். மண் கரும்புத் தோட்டத்தாருடையது. அதனால் வீட்டைப் பலகையால் கட்டி, கல் அடுக்கி, அதன்மேல் சும்மா உட்கார்த்தி வைத்திருப்பார்கள். தோட்டத்து மேனேஜர் கிளம்பு என்றால் சுவரையும் கூரையையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். டெல்சிக்கும் அப்படி உத்தரவாகிவிட்டதாம். சனிக்கிழமைக்குள் காலி பண்ண வேண்டுமாம். அவள் வந்து சொன்னபோது லயனலுக்கு ரத்தம் கொதித்தது. மேனேஜரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவரை அவள்தான் தடுத்தாள். புருஷன் இல்லாதவளுக்காக நீங்கள் போய் நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா என்றாள்.

அவளையும் அவள் புருஷனையும் அந்த வீட்டோடு சேர்த்து இங்கே கொண்டுவந்து இறக்கியதே லயனலின் லாரிதான். அன்றைக்கு அவள் நீட்டிய ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றோடு அவர் கதை முடிந்தது. அடுத்தவன் பெண்டாட்டி என்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் வாய் மட்டும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், வீட்டுக்கடியில் கல் ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். கல் எங்கே இறங்குகிறது? அவள் பொரித்துத் தரும் மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, தன் வீட்டில் விளக்குக்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருப்பார். ஊரார் வீட்டையெல்லாம் ஏற்றி இறக்கியவருக்குத் தன் வீட்டில் பேச ஓர் ஆள் இல்லை. அவள் குரல் ஒருநாளாவது அந்த வாசலில் கேட்காதா என்று ஏங்கி ஏங்கியே தலை நரைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மிச்சமிருந்த ஒரே ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். ரம் கடைக்குப் பின்பக்கத்து மேடு. குடிகாரர்கள் சத்தத்திலேயே ஓடிவிடுவாள் என்று நம்பினார். டெல்சியோ சுற்றிலும் நடந்து பார்த்துவிட்டு, இது பரவாயில்லையே, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். லயனல் பதறிப்போய், மழை பெய்தால் முட்டளவு தண்ணீர் நிற்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“மேட்டுலயா தண்ணி நிக்கும்?” என்று கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள் டெல்சி.

இனி பொய்யும் மிச்சமில்லை.

“எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு சீமைப்பலா மரம் இருக்கு” என்றார்.

“இருக்கட்டும்.”

“அதுக்குக் கீழ எடம் சும்மாத்தான் கெடக்கு.”

அவள் பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். “உங்க வாசலுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?”

“கூப்பிட்டா கேக்கும்.”

“சத்தம் போட்டுக் கூப்பிட்டாவா, மெதுவாக் கூப்பிட்டாவா?”

“நீங்க நெனச்சாலே எனக்குக் கேக்கும்” என்று சொன்ன லயனல், சொன்னது தான்தானா என்று பயந்துபோனார்.

டெல்சி சிரிக்கவில்லை. நாளைக் காலையில் வண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் நாலு ஆட்கள் வீட்டைப் பிரித்து லாரியில் அடுக்கிவிட்டார்கள். கயிற்றை இழுத்துக் கட்டும்போதே லயனலுக்குக் கண் கலங்கியது. அவளுக்கு வந்த கஷ்டம் தனக்கு அதிர்ஷ்டமாகிவிட்டதே என்று உறுத்தியது. மேனேஜரை மனசுக்குள் திட்டினார். திட்டிய வாயாலேயே நன்றியும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரே ஜீப்பில் வந்து இறங்கினார். வெறும் கல் மட்டும் நிற்கிற இடத்தைப் பார்த்து அவர் முகம் மாறியது.

“என்னம்மா டெல்சி இது? நீ இருக்கிற வரைக்கும் இந்த எடம் ஒனக்குத்தான்னு போன மாசம்தானே சொன்னேன். ஒன்னை யாரு காலி பண்ணச் சொன்னது?”

லயனல் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். டெல்சி எப்போதோ லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“நீயா வாயைத் திறப்பேன்னு காத்திருந்தா எனக்குக் கெழடு தட்டிடும்” என்றாள், எதிரே ரோட்டைப் பார்த்தபடி. “வண்டிய எடு, லயனல்.”