கவனிக்க ஒரு ஆள்

“இனிமே நீங்க எப்படி வேலை செய்றீங்கன்னு உங்கள்ல ஒருத்தரே கவனிச்சுக்குவார்” என்று கட்டட சைட்டில் மேனேஜர் சொன்னார். ‘கவனிப்பு’ என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா?

அந்த ஒருத்தர், அதுவரை எங்களோடு ஒரே பெஞ்சில் டீ குடித்த ஃபிட்டர் அண்ணன்.

“சேஃப்டி பெல்ட் மாட்டலைன்னு போட்டுக் குடுக்கத்தான் இந்த ஏற்பாடு” என்றான் வெல்டர். “அந்த ஆளு வர்றதை யார் பார்த்தாலும் விசில் அடிங்கடா.”

அன்று முதல் சாரத்தின் மேல் விசில் கேட்காத நேரமில்லை. கேட்டதும் ஹெல்மெட் தலைக்கு ஏறும். இடுப்பு பெல்ட்டின் கொக்கி கம்பியில் மாட்டும்.

“கழுகுக்கு மூக்குல வேர்த்த மாதிரி வந்துடுறாரே!” என்று வெல்டர் பல்லைக் கடிப்பான்.

நேற்றும் விசில் கேட்டது. கொக்கியை மாட்டிய கையோடு வெல்டருக்குக் கால் வழுக்கியது. அந்தரத்தில் தொங்கியவனை மேலே இழுத்துப் போட்டோம்.

“விசிலடிச்ச புண்ணியவான் யாருடா?” என்றான் கொக்கியைத் தடவிக்கொண்டே.

“நான் இல்ல.”

“சத்தியமா நானும் இல்லப்பா.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கீழேயிருந்து ஃபிட்டர் அண்ணன் குரல் கொடுத்தார்: “நாளைலேருந்து நீங்களே யாராவது அடிங்கப்பா. எனக்கு உதடே வீங்கிப் போச்சு!”