ஆங்கிலத்தில் வருந்தவும்

மாங்கூழ்த் தொழிற்சாலை மேனேஜருக்கு விஜயவாடாவுக்கு மாற்றல். வழியனுப்பு விழாவில் சித்தூர் ஆபீஸே வருந்தியாக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். தமிழிலோ தெலுங்கிலோ வருந்தினால் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஆளுக்கொரு சொல்லைப் பிரித்துக் கொடுத்துப் பழக்கும் வேலை டைப்பிஸ்ட் கல்பனாவின் தலையில் விழுந்தது.

வாட்ச்மேன் கங்கையாவுக்கு லேசான ‘சேட்’. கணக்கர் கோபிகிருஷ்ணனுக்கு நடுத்தரமான ‘மிசரபிள்’. மேனேஜரிடம் தினமும் திட்டு வாங்கும் டிரைவர் பாபுவுக்கு, சோகத்தின் உச்சமான ‘டெவஸ்டேட்டட்’.

“பாபுண்ணா, அப்டியே இடிஞ்சி போய்ட்டேன்னு அர்த்தம். நீ சிரிச்சிக்கினே சொல்றியே!”

“இன்னாம்மா பண்றது? அவர் போறத நெனச்சாலே பல்லு தானா வெளிய வருது.”

ஒரு வாரம் பழகியும் ஒருவர் முகத்திலும் சோகம் ஒட்டவில்லை.

விழாவில் மேனேஜர் மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்தார்.

“ஒரு குட் நியூஸ்! மாற்றல் கேன்சல் ஆயிடுச்சி. ரிட்டையர் ஆகற வரைக்கும் உங்களோடதான்!”

கங்கையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபிகிருஷ்ணன் சுவரில் சாய்ந்தார். பாபு உதடு துடிக்க எழுந்து நின்றான்.

“டெவஸ்டேட்டட்.”

கல்பனாவுக்குத் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை.